மாதாவுக்கு வைத்த சூரை

"பொம்பள ஏறுன கப்பல்ல மீன் ஏறாது."

இதுதான் உன் மாமனார் சொன்னது, அனிற்றா. ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டாரா, அதுவும் இல்லை. ஐந்து நாளில் ஏழு தடவை. காலையில் எழுந்து தூண்டில் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. உடனே என் பக்கம் திரும்பாமல், ஏதோ கடலுக்குத் தகவல் சொல்கிற மாதிரி, "பொம்பள ஏறுன கப்பல்ல மீன் ஏறாது." நான் அப்போது அவருக்குத்தான் டீ போட்டுக்கொண்டிருப்பேன். ஆடுகிற அடுப்பில், இடுப்பை ஒரு பெல்ட்டால் கட்டிக்கொண்டு.

ஊரே இன்றைக்கு ஹில்டா என்ன சொன்னாள், ஹில்டா என்ன சொன்னாள் என்று கேட்கிறது. ஆரம்பித்து வைத்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

சத்தமாகத்தான் பேசுகிறேன். உள்ளே கேட்கட்டும். கதவைச் சாத்தினால் காதும் சாத்திக்கொள்ளுமா என்ன. நீ பாட்டுக்குப் பருப்பில் கல் பொறுக்கு, எனக்காக நிறுத்தாதே. காப்பி எல்லாம் வேண்டாம். சரி, போட்டுவிட்டாயா, கொடு.

இதெல்லாம் ரெஜியின் ஆசை. என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் கப்பலின் அடியில் எஞ்சினோடு குடித்தனம் நடத்தினவர். கடலைக் கண்ணால் பார்த்ததே லீவில் வரும்போதுதான். ரிட்டயரானதும் மற்ற ஆம்பிளைகள் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவார்கள். இவர் லங்காவியில் ஒரு பாய்ப்படகு வாங்கினார். முப்பத்தெட்டு அடி. ஒரு டச்சுக் கிழவனும் கிழவியும் இருபது வருஷம் ஊர் சுற்றிவிட்டு, முட்டிவலி வந்து விற்றுவிட்ட படகு. அதில் எல்லாம் இருக்கிறது, ஹில்டா, வீடு மாதிரி, என்றார். இருந்தது. கக்கூஸ் இருந்தது. போய்விட்டு இருபத்தைந்து தடவை கையால் பம்ப் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் போனது திரும்பி வரும். வீடு மாதிரியாம்.

அதை லங்காவியிலிருந்து தூத்துக்குடிக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ரெஜிக்கு எஞ்சின் தெரியும், பாய் தெரியாது. அதனால்தான் உன் மாமனாரைக் கேட்டோம். நாற்பது வருஷம் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் தோணி ஓட்டிப் போன தண்டல், அவரை விட்டால் யார் இருக்கிறார்கள். நான்தான் இதே வாசலில் வந்து நின்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "கஸ்பார் தண்டல், எங்க உயிர உங்க கையில குடுக்குறோம்" என்றேன். அப்படிப் பேசத் தெரிந்தவள்தான் நானும்.

அப்போது ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தில் ஏறினோம், அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டைப் போடச் சொன்னதும் அதைக் கழற்ற முடியாதபடி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார், ஏர்ஹோஸ்டஸ் பிள்ளை வந்து அரைமணி நேரம் போராடினாள். படகைப் பார்த்தார். பாயைத் தடவினார், சுக்கானை ஆட்டினார், "பரவால்ல தம்பி, நல்ல பிள்ள" என்றார் ரெஜியிடம். பிறகு நான் பையோடு ஏறினேன். அப்போதுதான் முகம் மாறியது. "யம்மாவும் வாராங்களா?"

அவர் என்ன நினைத்தார்? நான் வழியனுப்ப மலேசியா வரை வந்தேன் என்றா?

ரெஜி சமாதானம் சொன்னார். "அவ சமையலுக்குத் தண்டல்." முப்பது வருஷத் தாம்பத்தியத்துக்குக் கிடைத்த பட்டம், பார்த்துக்கொள். உன் மாமனார் யோசித்தார். அவருக்கும் சாப்பிட வேண்டுமே. சரி என்றார். ஆனால் ஒரு நேர்ச்சை வைத்தார். "முத மீன் மாதாவுக்கு." உங்கள் வீட்டு வழக்கம்தானே இது? எந்தக் கடலில் போனாலும் தூண்டிலில் ஏறுகிற முதல் மீன் மாதாவுக்கு. கரையில் கொண்டுவந்து கோயில் ஏலத்தில் வைக்கணும். பொம்பளை ஏறிய தோஷத்துக்கு மாதா ஈடு கட்டுவாள் என்று அவர் கணக்கு. மாதாவே பொம்பளைதானே என்று கேட்டேன். ரெஜி என் காலை மிதித்தார்.

பக்கத்துக் கடலில் பிடித்தால் சாயங்காலமே கோயிலுக்குப் போய்விடும். நாங்கள் இருந்தது ஆயிரத்து முன்னூறு மைலுக்கு அப்பால். அதை அவரும் யோசிக்கவில்லை, ரெஜியும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியவள் சமையலுக்கு வந்தவள்.

முதல் இரண்டு நாள் நான் வாந்தி எடுத்தேன், அதை விட்டுவிடுவோம். மூன்றாம் நாள் காலையில் மேலே வந்தால், தளத்தில் ஒரு பறவைக் கோலா செத்துக் கிடந்தது. இறக்கை முளைத்த மீன், தானாகப் பறந்து வந்து விழுந்திருக்கிறது. எனக்கு ஒரே பயம். இதுதான் முதல் மீனா, மாதாவுக்குப் போக வேண்டியதா? நேர்ச்சை விஷயத்தில் நான் விளையாடமாட்டேன், என்னைக் கன்னியாஸ்திரிகள் வளர்த்தார்கள். கேட்டேன். உன் மாமனார் அதை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "தானா வந்து விழுந்தத எப்பிடிம்மா காணிக்கைன்னு குடுக்க? பொரிங்க" என்றார். பொரித்தேன். மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்றரை வாய். அன்றைக்குச் சிரித்தார். கிராம்பு இருக்கா என்றார், கடைவாய்ப் பல் வலியாம். என் மசாலா டப்பாவை அவரிடமே கொடுத்தேன். எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் பகை ஒன்றும் இல்லை என்று நீ தெரிந்துகொள்ள.

பொழுது எப்படிப் போகும் என்று நினைக்கிறாய்? போகாது. மூன்று மணி நேரம் ஒருத்தர் காவல், பிறகு அடுத்தவர். ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு அடுக்களை. படகு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். குழம்பு சட்டியில் ஒரு பக்கம் இருக்கும், உப்பு இன்னொரு பக்கம் இருக்கும். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, கடல் தண்ணீரில் குளித்து, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர் முகத்துக்கு. வெங்காயம் முளைத்தது. தக்காளி அழுகியது. ரெஜிக்குத் தாடி முளைத்தது, அதுவும் அழுகியது மாதிரிதான் இருந்தது. லங்காவியில் கலர் கலராக ரப்பர் மீன்கள் வாங்கி வைத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் கண் கூட இருக்கும். அவற்றைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தோம். ஒரு மீன் திரும்பிப் பார்க்கவில்லை. உன் மாமனார் கோழி இறகும் சிவப்புத் துணியும் கட்டிப் போட்டார். அதற்கும் ஒன்றும் இல்லை. பொம்பள ஏறுன கப்பல்ல.

ஏழாவது தடவை சொன்னார் பார், ஐந்தாம் நாள் சாயங்காலம், எனக்குப் பொறுக்கவில்லை. காப்பித்தூள் பாக்கெட் ஒன்று காலியாகி இருந்தது. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அதைக் கத்தரிக்கோலால் குஞ்சம் குஞ்சமாக வெட்டினேன். கான்வென்ட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வால் வெட்டச் சொல்லித் தருவார் சிஸ்டர் கன்சீலியா, அதே மாதிரி. ஒரு தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்த பார்வை. குழந்தை வரைந்த படத்தைப் பார்க்கிற மாதிரி. இருந்தாலும் தன்னுடைய கைத்தூண்டில் கயிறு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, முடிச்சைச் சரிபண்ணி, மறுமுனையைத் தளத்துக் கம்பியில் ஒரு டயர் டியூப் துண்டோடு கட்டித் தந்தார். "இழுத்தா ரப்பர் நீளும், பாருங்க" என்றார். நல்ல கயிறு, இருபது வருஷமாக வைத்திருந்ததாம். இதோ இந்தப் பையில் இருப்பது அதுதான். அதைக் கொடுக்கத்தான் வந்தேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

ஆறாம் நாள் காலை, நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். டியூப் நீண்டது. எவ்வளவு தெரியுமா? என் கை அளவு. நான் கத்தவில்லை, கத்துகிற பழக்கம் எனக்கில்லை. போய்க் கயிற்றைப் பிடித்தேன். அது என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது, பார், தழும்பு. உன் மாமனார் பாய்ந்து வந்து சாக்குத் துணியை என் கையில் சுற்றிவிட்டு, "விடாதீங்க, நீங்களே இழுங்க, ஒங்க மீனு" என்றார். அவர் இழுத்திருக்கலாம், இழுக்கவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். இருபது நிமிஷம். சூரை. லக்கேஜ் எடை பார்க்கிற கொக்கித் தராசு ரெஜியிடம் இருந்தது, அதில் மாட்டிப் பார்த்தோம். பதினோரு கிலோ.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீயே யூகித்துக்கொள். "பொம்பள ஏறுன கப்பல்ல" என்று ஆரம்பித்து நிறுத்தினேன், அவ்வளவுதான். பிறகு மத்தியானம் ஒரு தடவை. ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தடவை. மறுநாள் மூன்று தடவை. அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மீன் ஏறிய மூன்றாம் நாளிலிருந்து சிரிக்கவில்லை, ஆனால் அது பல்வலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீன் மாதாவுக்கு. கரைக்கு இன்னும் ஒன்பது நாள். சாப்பிட முடியாது, வைக்கவும் முடியாது. ஐஸ் பெட்டி சோடா பாட்டிலுக்கே போதாது. உன் மாமனார் உட்கார்ந்து தலையை வெட்டி, குடலை எடுத்து, நடு முள்ளை எடுத்து, இரண்டு பாளமாகப் பிளந்து கீறினார். தலையும் முள்ளும்? கடலில் போட்டார். மாதாவுக்கு வைத்ததில் தலையைக்கூட நாம் குழம்பு வைக்கக் கூடாதாம். அன்றைக்கு எங்களுக்கு என்ன தெரியுமா? பருப்பு. பதினோரு கிலோ மீன் பிடித்த அன்றைக்கு நான் பருப்பு கடைந்தேன்.

சதையை மட்டும் நான் தராசில் மாட்டினேன். ஏழு கிலோ. எனக்கு எதையும் எழுதி வைக்கிற பழக்கம், நோட்டில் எழுதினேன். கல்லுப்பு போட்டு இரண்டு நாள் பிளாஸ்டிக் தொட்டியில் மூடி வைத்தார். பிறகு கயிற்றில் கட்டிப் பின்பக்கக் கம்பியில் தொங்கவிட்டார். நாங்கள் பருப்பு சாப்பிடும்போதெல்லாம் அது எங்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மீன் ஏறியதா? ஒன்றும் இல்லை. காப்பி பாக்கெட், ரப்பர் மீன், கோழி இறகு, எதற்கும் இல்லை. மாதா தன் பங்கை வாங்கிக்கொண்டு கடையைச் சாத்திவிட்டாள்.

பதினோராம் நாள் விடியற்காலை, அவருடைய காவல். நான் சீக்கிரம் எழுந்து மேலே வந்தேன். பார்க்கிறேன். உன் மாமனார் பாளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். கையில் கத்தி. வாய் மெல்லுகிறது.

நீ என்ன நினைத்திருப்பாய்? உண்மையாகச் சொல்லு.

நான் ஒன்றும் கேட்கவில்லை, கான்வென்ட்டில் படித்தவள் ஆதாரம் இல்லாமல் பேசமாட்டாள். அவர் படுக்கப் போனதும் பாளங்களை அவிழ்த்துத் தராசில் மாட்டினேன். மூன்றே கால் கிலோ. ஏழு போட்டது மூன்றே கால். பாதிக்கும் மேலே காணோம். ரெஜியை எழுப்பினேன். எஞ்சினியர் அல்லவா, கேட்போம் என்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு கணக்குப் போட்டார். "உப்பு வேற போட்டிருக்கோம். வெயிட் கூடத்தான செய்யணும்?" என்றார். முப்பத்தோரு வருஷம். எந்தக் கம்பெனி இவருக்குச் சம்பளம் கொடுத்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

எங்கள் வீட்டில் கருவாடு வாங்கியதே இல்லை, அனிற்றா. அப்பா வக்கீல். அம்மாவுக்கு நாற்றம் ஆகாது. நான் பத்து வயதில் மலைமேல் கான்வென்ட்டுக்குப் போனேன், அங்கே முள்ளுக்கரண்டியால் மீன் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மீனுக்கு முள்ளே இருக்காது. கல்யாணம் ஆகி பம்பாய் ஃப்ளாட், பிறகு சென்னை ஃப்ளாட். கருவாடு பொரித்தால் செகரட்டரி வந்து கதவைத் தட்டுவார். எனக்குப் பெரு நாட்டின் தலைநகர் தெரியும். இதைச் சொல்லித்தர யார் இருந்தார்கள்?

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் நான் மெதுவாகத்தான் கேட்டேன். "மாதா மெலிஞ்சுக்கிட்டே வர்றாங்களே தண்டல்." அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?" என்றார். நோட்டைக் காட்டினேன். "ஏழு கிலோ போட்டோம். மூணே கால் இருக்கு. காலையில கத்தியோட நின்னீங்க. வாய் மென்னுச்சு. பசின்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே, மாதாகிட்ட எதுக்கு?"

இவ்வளவுதான் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், கடைசி வரியை.

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு ரெஜியைப் பார்த்தார். ரெஜி பருப்பைப் பார்த்தார். உன் மாமனார் தட்டை எடுத்தார், பாதிச் சோறு இருந்தது, அதைக் கடலில் போட்டார். கழுவினார். கவிழ்த்து வைத்தார். "சரி, மேடம்" என்றார்.

அன்றிலிருந்து மேடம். மேடம், தள்ளுங்க. மேடம், காவலுக்கு நேரமாச்சு. என் அடுக்களையில் ஒரு வாய் சாப்பிடவில்லை. தன் பையில் இருந்த அவலைத் தண்ணீரில் நனைத்து, முளைத்த வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, முன்பக்கத்தில் போய் உட்கார்ந்து தின்றார். நாலு நாள். வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதாதா? "யம்மா, காஞ்சா எடை கொறையும்." நாலு சொல். நான் கேட்டிருக்க மாட்டேனா? அந்தக் கத்தி எதற்கு, கயிறு உரசி நைந்துபோன மீன் ஓரத்தைச் சீவி எறிந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் என்ன, கிராம்பு என்று சொல்லியிருக்கலாம்.

ஆமாம். நான் கொடுத்த கிராம்புதான். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. உனக்கு எல்லாம் எப்போதும் ஞாபகம் வருமா?

சரி, வீம்பு அவருக்கு. அதை நீயும் மறுக்க மாட்டாய், ஒரே வீட்டில் இருக்கிறாய்.

பதின்மூன்றாம் நாள், இலங்கைக்குத் தெற்கே, திடீரென்று ஒரு மழைக்காற்று. நான் துணி காய்கிறதே என்று மேலே ஓடினேன். பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வீசிக்கொண்டு வந்தது. என் கொண்டையைப் பிடித்து யாரோ கீழே இழுத்தார்கள். தலைக்கு மேலே காற்று கிழிந்துகொண்டு போனது. கொண்டையை விட்டுவிட்டு, "மேடம், தல பத்திரம்" என்றார். பிறகு தன் மழைக்கோட்டைக் கழற்றினார். எனக்குத்தான் தரப்போகிறார் என்று நினைத்துக் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் போய் அதை மாதா மீனுக்குச் சுற்றிக் கட்டினார். இரண்டு மணி நேரம் வெறும் பனியனோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திருடித் தின்கிறவர் அதற்குக் கோட்டு போட்டுவிடுவாரா, அப்போதே உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று ரெஜி இப்போது கேட்கிறார். அப்போது இவர் எங்கே இருந்தார்? கீழே பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்.

கேட்டாயா, இருமல். அந்த மழையில் பிடித்தது. ஆடாதோடை போட்டுக் கொடுத்தாயா? டாக்டரைக் கூட்டிவரட்டுமா? சரி, சரி. கேட்டேன், அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் இது எங்கள் மூன்று பேருக்குள் இருந்திருக்கும். எங்களிடம் சாட்டிலைட்டில் செய்தி அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டி இருந்தது. தந்தி மாதிரி, அளந்துதான் அனுப்ப முடியும். தினமும் என் தங்கை பவுலினுக்கு, உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வரி. பதினோராம் நாள் நான் அனுப்பியது இது: "மாதா மீன் பாதி காணோம். தண்டல் வாய் மெல்லுகிறது. மற்றபடி எல்லோரும் நலம்." இதில் என்ன தப்பு? ஒவ்வொரு சொல்லும் நான் கண்ணால் கண்டது. அவர் தின்றார் என்று எங்கே எழுதினேன்? பவுலின் அதை அப்படியே பீடத்துக்குப் பூ அலங்காரம் பண்ணுகிற பெண்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். நாற்பத்திரண்டு பேர். அதில் நீயும் இருக்கிறாய், எனக்குத் தெரியும். நீ சிரிக்கிற முகம் ஒன்றும் போடவில்லை. அதையும் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் போட்டிருந்தார்கள்.

துறைமுகத்தில் படகு கட்டுகிற கயிற்றை வாங்கிப் பிடிக்க ரோக் வந்து நின்றான். உன் மாமனார் பழைய தோணி ஆள்தானே அவன். கயிற்றைப் பிடித்துக்கொண்டே, பல்லைக் காட்டிக்கொண்டு, "என்ன தண்டல், மாதா மீன் ருசியா இருந்துச்சா?" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். உன் மாமனார் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குப் பார்த்திருப்பேன். அப்படிப் பார்க்கவில்லை. படகை ஒழுங்காகக் கட்டினார், ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சு. பையை எடுத்தார். போய்விட்டார். கயிற்றை மறந்துவிட்டார், இந்தக் கயிற்றை. மறந்தாரோ, வைத்துவிட்டுப் போனாரோ.

பத்து நாளாகிறது. கோயிலுக்கு வரவில்லை, இரண்டு ஞாயிறும். நான் பாளத்தைக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்தேன். பீடத்துக்குப் பக்கத்துச் சாக்கிறிஸ்தி அறையில், பூசை உடுப்பு வைக்கிற அலமாரிக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார். சாம்பிராணி தோற்றுவிட்டது என்கிறார். கொடியேற்றத்துக்குப் பிறகு ஏலம். ஏலத்துக்கு விலை சொல்ல, கருவாடு விற்கிற சூசம்மாவைக் கூப்பிட்டிருந்தார். அவள் கையில் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், விரலால் அழுத்தினாள். "பச்சையா எத்தன கிலோக்கா?" என்றாள். ஏழு என்றேன், கொஞ்சம் கனமான குரலில்தான் சொன்னேன், பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். "ஏழுக்கு மூணு. அதான் கணக்கு. ஒருதுளி ஈரமில்ல, ஒரு புழு இல்ல. கடல்ல வச்சு இப்பிடிக் காய வைக்க யாருக்கு முடியும்? கஸ்பார் தண்டல் கையா?" என்றாள்.

என் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மழை இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் விரித்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே குரூப்பில் எழுதினேன். அந்தப் பெட்டி மாதிரி அளந்து எழுத வேண்டியதில்லை, முழு நீளத்துக்கு எழுதினேன். காய்ந்தால் எடை குறையும், தவறு என்னுடையது, தண்டல் ஒரு துண்டும் தொடவில்லை. நீ படித்திருப்பாய். என்ன பதில் வந்தது? கும்பிடுகிற கை, பதினாறு. "உங்க பெரிய மனசு ஹில்டா அக்கா" என்று இரண்டு பேர். பவுலின் தனியாக போன் பண்ணி, "போனாப் போகுது, வயசானவர், பசியில எடுத்திருப்பார்னு நீ மூடி மறைக்கிற, எல்லாருக்கும் புரியுது" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அரிசி டப்பாவில் போட்டு மூடினேன். நான் பொய் சொன்னால் ஊர் நம்புகிறது, உண்மை சொன்னால் நல்ல மனசு என்கிறது. இந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பொய் என்று நான் சொன்னது வாய் தவறி. அதைப் பிடித்துக்கொள்ளாதே.

நாளைக்குக் காலை ஐந்தரைக்குக் கொடியேற்றம். கொடிக் கயிற்றை உங்கள் வீட்டு ஆள்தான் இழுக்க வேண்டும், அவருடைய அப்பா இழுத்தது, அதற்கு முன்னால் அவருடைய தாத்தா. பாய் ஏற்றின கை கொடியும் ஏற்றும் என்று. இந்த வருஷம் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராமே. கமிட்டியில் ரோக்கைக் கேட்கிறார்கள். ரோக். ஒரு செருப்பு வார் கட்டத் தெரியாதவன். கொடி பாதிக் கம்பத்தில் நிற்கப் போகிறது, ஊரே துக்கம் என்று நினைக்கப் போகிறது.

சாமியாரிடம் மைக் கேட்டேன், நானே சொல்கிறேன் என்று. மாதா திருநாளில் கருவாட்டுப் பேச்சு வேண்டாம் அம்மா என்றுவிட்டார். அலமாரிக்குப் பின்னால் தொங்குவது மட்டும் என்னவாம்?

அதனால் தராசைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, கயிற்றோடு பையில் இருக்கிறது. நோட்டும் இருக்கிறது. நாளைக்குக் கொடிமரத்துக்குக் கீழே, ஏலத்துக்கு முன்னால், அவர் பக்கத்தில் நின்று நான் எடை போடுவேன். ஏழு என்றும் வாசிப்பேன், மூன்றே கால் என்றும் வாசிப்பேன். சூசம்மா கணக்குச் சொல்லட்டும். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். சிரிக்க விஷயம் இருக்கிறதே, கடற்கரையில் பிறந்தவளுக்குக் கருவாடு தெரியவில்லை. ஆனால் அவர் வந்து நிற்க வேண்டும். ஆள் இல்லாமல் நான் மட்டும் தராசைப் பிடித்தால், அதையும் பெரிய மனசு என்பார்கள்.

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று நினைக்காதே. கயிறு கொடுக்க வந்தேன்.

நீ கொஞ்சம் நகரு. எழுந்திருக்க வேண்டாம், நான் கதவைத் திறக்கப் போவதில்லை. இங்கிருந்தே பேசுகிறேன்.

தண்டல். ஹில்டாதான். கயிறு வாசலில் வைத்திருக்கிறேன். நல்ல தண்ணீரில் கழுவிக் காயப்போட்டுச் சுற்றியிருக்கிறேன், சுற்றினது சரியில்லை என்றால் நீங்களே பிரித்துச் சுற்றிக்கொள்ளுங்கள். முழித்துத்தான் இருக்கிறீர்கள், இப்போதுதான் இருமினீர்கள். ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், இருமலுக்கு ஆகாது. நாளைக்கு ஐந்தரைக்கு. ரெஜி ஐந்து மணிக்கே கார் கொண்டுவருவார். வர முடியாது என்றால் அதையாவது சொல்லுங்கள். மேடம் என்று கூப்பிட்டே சொல்லுங்கள், பரவாயில்லை. திட்டுவது என்றால் திட்டுங்கள், உங்கள் மருமகள் காதைப் பொத்திக்கொள்வாள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் பழையதையே சொல்லுங்கள். பொம்பள ஏறுன கப்பல்ல மீன் ஏறாது என்று ஏழு தடவை சொன்னீர்களே, அதை இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், தண்டல். கேட்டுக்கொண்டு போய்விடுகிறேன்.